கல்லில் எழுதியதும் கதையில் சொன்னதும்: வாசகர் கேள்வி-பதில்

பெப்ரவரி மாதம் பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரலாறு பற்றிய கடிதங்கள் கூடுதலாக வருவது வழக்கம். சுதந்திர தின விடுமுறையும் பள்ளிக்கூடச் சுற்றுலாவும் ஒன்றாக வருவது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கிக்கொண்டேன். ஏசி எழுதிய இருவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

கேள்வி: என் மகள் தரம் 10இல் படிக்கிறாள். விஜயன் வந்து இறங்கிய நாளில்தான் இலங்கையின் வரலாறு தொடங்குகிறது என்று வகுப்பில் யாரோ சொன்னார்களாம். அதற்கு முன்னர் இங்கே ஒருவருமே இருக்கவில்லையா? (ஒரு தாயார், கொட்டாஞ்சேனை)

இருந்தார்கள், அம்மா. அதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, பாளி மொழியில் எழுதப்பட்ட பழைய வரலாற்று நூலான மகாவம்சமே போதும். இளவரசன் விஜயனும் அவனுடைய 700 தோழர்களும் கரையேறியபோது, ஒரு மரத்தடியில் குவேனி என்ற பெண் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்று அந்நூல் சொல்கிறது. நூல் நூற்க வேண்டுமானால் பஞ்சு வேண்டும், அதைப் பயிரிட ஆள் வேண்டும், நெய்து உடுத்த ஊர் வேண்டும். குவேனியை இயக்கி, அதாவது பேய்மகள், என்று சொல்லிவிட்டுப் போனாலும், கதை சொன்னவரின் கையிலிருந்து இந்த ஒரு விவரம் நழுவி விழுந்துவிட்டது. அதே மகாவம்சம், விஜயன் முடிசூடுவதற்காகப் பாண்டிய இளவரசியை மதுரையிலிருந்து வரவழைத்தான் என்றும், அவளோடு பதினெட்டு வகைக் கைவினைஞர்களின் ஆயிரம் குடும்பங்கள் வந்தன என்றும் சொல்கிறது. இந்தப் பகுதியை மட்டும் பலர் வேகமாகக் கடந்துபோவது ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மகாவம்சம் எழுதப்பட்டது கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில். அது சொல்லும் விஜயன் வருகையோ அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியது. ஆகவே மண்ணைத் தோண்டிக் கிடைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். களுத்துறை மாவட்டத்திலுள்ள பாஹியங்கல குகையில் 38,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயங்கள் உள்ளன. அநுராதபுரத்தின் உட்கோட்டைப் பகுதியில் சிரான் தெரணியகல நடத்திய அகழ்வுகளில், கி.மு. 900 அளவிலேயே அங்கு இரும்பும் குதிரையும் நெற்பயிரும் இருந்தமை தெரியவந்தது. புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் கிடைத்த, இறந்தவரை இட்டுப் புதைத்த ஈமத்தாழிகள், கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூரில் கிடைத்தவற்றை நினைவூட்டுகின்றன. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் ஓர் எலும்புக்கூட்டோடு அகப்பட்ட சிறு முத்திரையில் ஒரு வரி பிராமி எழுத்தும் மற்றொரு வரி குறியீடுகளும் இருக்கின்றன. எழுத்தைக் "கோவேத" என்று படிக்கிறார்கள். மகளுக்குச் சொல்லுங்கள்: விஜயன் வந்த கதை ஒரு வருகையின் கதை. அதற்கு முன்னும் பின்னும் இந்தக் கரைக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கேள்வி: எல்லாளன் - துட்டகைமுனு போரைத் தமிழர் - சிங்களவர் போர் என்று சொல்வது சரியா? (வாசகர் ஒருவர், வவுனியா)

அந்தப் போரை அப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டு பக்கத்திலும் பல தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. ஆனால் மூலமான மகாவம்சத்தைக் கொஞ்சம் பொறுமையாக வாசிப்போம். எல்லாளன் சோழ நாட்டிலிருந்து வந்து 44 ஆண்டுகள் நீதி தவறாது ஆண்டான் என்று எழுதுபவர், அவனைத் தோற்கடித்தவனைப் புகழ்வதற்காகவே நூல் எழுதிய ஒரு பௌத்த பிக்கு. கன்று தேர்க்காலில் அகப்பட்டு இறந்ததற்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட கதை, நாம் மனுநீதிச் சோழனுக்குச் சொல்லும் கதை, அங்கே எல்லாளனுக்குச் சொல்லப்படுகிறது. இன்னொரு சம்பவமும் உண்டு: அவனுடைய தேர் மோதியதில் ஒரு தூபியின் பதினைந்து கற்கள் பெயர்ந்துவிட, பதினைந்து கற்களைத் திரும்பப் பதிப்பதற்கு அவன் 15,000 காசு செலவிட்டானாம். பௌத்தன் அல்லாத ஒரு மன்னனைப் பற்றி, அவனுடைய எதிரியின் பக்கத்தில் நின்றவர் இப்படி எழுதியிருக்கிறார்.

படைகளையும் பாருங்கள். துட்டகைமுனுவின் பத்து மாவீரர்களில் ஒருவனான நந்திமித்திரனின் தாய்மாமன், எல்லாளனின் சேனாதிபதியாக இருந்த மித்திரன். மாமன் ஒரு பக்கம், மருமகன் மறு பக்கம். மன்னர்கள் ஆட்சிக்காகப் போரிட்டார்கள். ஆட்கள் யாருடைய சோற்றை உண்டார்களோ அவருக்காகப் போரிட்டார்கள். வென்ற துட்டகைமுனு, எல்லாளன் விழுந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி, அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டதையும் மகாவம்சம் பதிந்து வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஆனால் போர்க்காட்சியைப் பேசுபவர்களுக்கு அதில் ருசி குறைவு.

கேள்வி: சோழர்கள் இலங்கை முழுவதையும் ஆண்டார்களா? (திருகோணமலை)

இல்லை. கி.பி. 993இல் முதலாம் இராஜராஜனின் படை அநுராதபுரத்தைக் கைப்பற்றியது. 1017இல் இராஜேந்திரன் காலத்தில் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். பொலனறுவை சனநாதமங்கலம் என்ற பெயரில் தலைநகராயிற்று. ஆனால் தெற்கே உறுகுணை அவர்களுக்கு முழுமையாக அடங்கவில்லை. அங்கிருந்துதான் முதலாம் விஜயபாகு எழுந்து 1070இல் சோழரை வெளியேற்றினான். பொலனறுவையில் அவர்கள் விட்டுச்சென்ற கற்கோயிலான வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கிறது.

கேள்வி: சிங்கள மன்னர் ஒருவர் தமிழில் கல்வெட்டு வெட்டுவித்தார் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். நம்பலாமா? கொழும்பு நூதனசாலையில் சீன மொழியோடு தமிழ் இருக்கும் கல் ஒன்று உள்ளதாமே, அதையும் விளக்குவீர்களா? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், வெள்ளவத்தை)

இரண்டும் உண்மை, ஐயா. நீங்கள் கேட்டதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

முதலாவது நயினாதீவுக் கல்வெட்டு. அது நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் மகா பராக்கிரமபாகு பிறப்பித்த ஆணை, தமிழில். விஷயம் கப்பல் உடைவதைப் பற்றியது. வெளிநாட்டார் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்று தொடங்கி, அரசனுக்காக யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு என்று விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏன் சலுகை பெற்றன என்று கேட்டால், படைக்கு அவை வேண்டியிருந்தன. கொண்டுவருபவன் நட்டப்பட்டுப் போனால் அடுத்த முறை வேறு துறைக்குப் போய்விடுவான். வடக்கே இருந்த துறைமுகத்தில் யார் வணிகம் செய்தார்களோ அவர்களுக்கு விளங்கும் மொழியில் சுங்க விதி எழுதப்பட்டது. இதில் இன அபிமானமும் இல்லை, விரோதமும் இல்லை, நிர்வாகம் இருக்கிறது. பொலனறுவையில் புத்தரின் தந்தத் தாதுவைக் காப்பதாகத் தமிழ்ப் படையினரான வேளைக்காரர் உறுதிகூறிய கல்வெட்டும் தமிழில்தான் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காலி மும்மொழிக் கல்வெட்டு. 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். இப்போது அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது. கல்லின் உச்சியில் எதிரெதிராக இரண்டு டிராகன்கள். வலப்பக்கம் மேலிருந்து கீழாகச் சீனம். இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த இக்கல் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில்கொண்டிருந்த திருமாலான தேனாவரை நாயனாருக்குச் செலுத்துகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் உண்டு. மூன்று சமயத்தாருக்கும் தனித்தனியே, ஏறத்தாழ ஒரே அளவில் மரியாதை செய்திருக்கிறார்கள். துறைமுகத்தில் யார் யார் செல்வாக்கோடு இருக்கிறார்கள் என்று நன்றாக விசாரித்து அறிந்தவர்களின் வேலை அது.

மாணவப் பருவத்தில் முதன்முதலாக அக்கல்லின் முன் நின்றபோது எனக்குத் தோன்றிய கேள்வி, அதில் சிங்களம் ஏன் இல்லை என்பதுதான். தெற்குக் கரையில் இருந்த கல் அது. விடை, அது மக்களுக்காக அல்ல, கடல்வணிகருக்காக வெட்டப்பட்டது என்பதாகும். அக்காலத்துக் கடல்வணிக மொழிகளாக இருந்தவை தமிழும் பாரசீகமும். ஆகவே இக்கல்லைக் காட்டித் தென்கரை முழுவதும் தமிழர் நாடு என்று வாதிடுவது, சிங்களத்தார் தமிழே இங்கு இருந்ததில்லை என்று சொல்வதைப் போன்ற பிழைதான். இன்னொன்று: காணிக்கை கொண்டுவந்த அதே செங் ஹே 1411இல் இங்கிருந்த ஆட்சியாளன் அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். தேனாவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டனர். கல் மட்டும் மதகாகிப் பிழைத்துக்கொண்டது.

கேள்வி: இலங்கை எப்போது "ஒரே நாடு" ஆனது? (யாழ்ப்பாணம்)

பராக்கிரமபாகு என்ற பெயர் கொண்ட இருவர், 12ஆம் நூற்றாண்டில் ஒருவரும் 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஆறாமவரும், தீவு முழுவதையும் தம் ஆணைக்குள் கொண்டுவந்தது உண்டு. ஆறாம் பராக்கிரமபாகுவின் தளபதி செண்பகப்பெருமாள் 1450 அளவில் நல்லூரைப் பிடித்தான். பராக்கிரமபாகு இறந்ததும் யாழ்ப்பாணம் மீண்டும் அதன் மன்னர்களான ஆரியச்சக்கரவர்த்திகளிடம் போனது. அத்தகைய ஒற்றுமை ஒரு மன்னனின் ஆயுளோடு முடிந்தது.

1505இல் போர்த்துக்கேயர் கொழும்பில் கால்வைத்தபோது கோட்டை, கண்டி, யாழ்ப்பாணம் என்று மூன்று அரசுகளும், இடையே சிற்றரசர்கள் ஆண்ட வன்னிமைகளும் இருந்தன. 1619இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தது. சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் எடுத்தார்கள். ஆனால் இவ்விரு பகுதிகளையும் தனித்தனி நிர்வாகமாகவே வைத்திருந்தார்கள், வடக்கின் வழக்கங்களைத் தேசவழமை என்று 1707இல் தொகுக்கவும் செய்தார்கள். உங்கள் காணி உறுதியை எழுதும் நொத்தாரிசு இன்றும் அதைப் புரட்டுகிறார். பிரித்தானியர் 1796இல் கரையோரத்தையும் 1815இல் கண்டியையும் பெற்ற பின்னரும், கண்டிக்குத் தனி நிர்வாகம் இருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையின்படி 1833இல் தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாக்கப்பட்டு, கொழும்பிலிருந்து ஒரே ஆட்சியின்கீழ் வந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் விடை 1833. அதை அமைத்தவர்கள் செலவைக் குறைப்பதற்காகவே அமைத்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: கண்டியின் கடைசி மன்னன் தமிழனா? (மாத்தளை)

ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுச்சாமி. மதுரை நாயக்கர் வழிவந்த, தெலுங்குப் பூர்வீகமுள்ள குலம். 1739இல் நரேந்திரசிங்கன் முறையான வாரிசின்றி இறக்க, அவனுடைய பட்டத்து ராணியின் சகோதரன் அரியணை ஏறியதிலிருந்து நான்கு நாயக்கர்கள் கண்டியை ஆண்டார்கள். அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதையை, அதாவது பிக்குகளின் உயர் குருப்பட்டத்தை, மீட்டவன். அரசவையில் தமிழ் புழங்கியது. 1815 மார்ச் 2ஆம் திகதி, கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்திலும், தமிழ் கலந்த எழுத்திலும் ஒப்பமிட்டிருப்பதைப் பார்க்கலாம். மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். தமிழன், சிங்களவன் என்ற இன்றைய பெட்டிகளில் அவனை எதற்குள் போடுவது என்று அவனிடமே கேட்டிருந்தால், கேள்வியே விளங்கியிருக்காது.

கேள்வி: எங்கள் பாட்டனார் மன்னாரிலிருந்து நடந்து வந்தவர். மலையகத்தார் ஏன் சுதந்திரம் கிடைத்த அதே வருடத்தில் நாடற்றவர் ஆனோம்? (ஹட்டன்)

உங்கள் பாட்டனாரின் தலைமுறை, தென்னிந்தியக் கரையில் தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தது. வாந்திபேதியில் விழுந்தவர்கள் வழியிலேயே புதைந்தார்கள். அவர்கள் வேலைக்கு வந்த தோட்டங்களில் அப்போது இருந்த கோப்பி பருவப் பயிர். அறுவடை முடிந்தால் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி சில ஆண்டுகளில் அழிந்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக் கொழுந்து வருடம் முழுவதும் பறிக்கப்பட வேண்டும். அதனால்தான் வந்தவர்கள் குடும்பத்தோடு லயத்தில் நிலைத்தார்கள். கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த "துண்டு" என்ற விடுவிப்புச் சீட்டு கிடைக்காமல் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போகவும் முடியவில்லை. ஆக, உங்களை இங்கே வேரூன்ற வைத்தது அந்தச் செடியின் இயல்பு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிறுவச் சொன்னது. லயத்தில் பிறந்தவனுக்குத் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? சட்டத்தில் இனப்பெயர் ஒன்றும் இல்லை, வாசகம் எல்லாருக்கும் பொது. ஆனால் யார் மாட்டுவார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். அப்போது தமிழ்த் தலைவர்கள் சிலரும் அரசாங்கத்தின் பக்கம் நின்றார்கள் என்பதை வடக்கில் பலர் சொல்லத் தயங்குகிறார்கள், நான் தயங்கவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் 9,75,000 பேரைப் பங்குபோட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். அதன் பின்னரும் நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தவர்களுக்கான சட்டம் 2003இல் வந்தது.

கேள்வி: இந்தியர் போராடிச் சுதந்திரம் பெற்றார்கள், நமக்கு அது தட்டில் வைத்து நீட்டப்பட்டது என்கிறார்கள். சரிதானா? (பல்கலைக்கழக மாணவர், பம்பலப்பிட்டி)

பாதி சரி. 1818இல் ஊவாவில் நடந்த கிளர்ச்சி இரத்தம் சிந்திய போராட்டமே; அது ஒடுக்கப்பட்ட விதத்தில் அந்தப் பிரதேசம் வெகுகாலம் எழவில்லை. அதன் பின்னர் வந்தது படித்தவர்களின் அரசியல். 1911இல் "படித்த இலங்கையர்" என்ற ஒரே ஒரு தெரிவுத் தொகுதியில், சிங்கள வாக்காளரின் ஆதரவோடு வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். 1915இல் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்து, இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிங்களத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டபோது, அவர்களுக்காக இலண்டன் சென்று வாதாடியவரும் அவரே; திரும்பி வந்தபோது அவருடைய வண்டியைக் குதிரைகளுக்குப் பதிலாக ஆட்கள் இழுத்தார்கள். கடையும் வீடும் இழந்த முஸ்லிம்களுக்கு அந்த வாதாட்டம் எப்படிக் கேட்டிருக்கும் என்பதைப் பாடநூல்கள் எழுதுவதில்லை. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானவர் அவருடைய தம்பி அருணாசலம். கொழும்பில் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகச் சொல்லிப் பின்வாங்கியதால் 1921இல் விலகினார்.

1931இல் டொனமூர் யாப்பு, 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை தந்தது. பிரித்தானியாவில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை கிடைத்து அப்போது மூன்று வருடங்களே ஆகியிருந்தன. முழுச் சுயராச்சியம் கொடுக்காத யாப்பு என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரிக்க, வடக்கில் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. தட்டில் வைத்து நீட்டியது போதாது என்று தள்ளியவர்கள் இருந்தார்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 1948 பெப்ரவரி 4ஆம் திகதிக்குப் பின்னரும் திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957 வரை பிரித்தானியர் கையில் இருந்தன. முடியாட்சி 1972 மே 22ஆம் திகதிதான் நீங்கியது.

கேள்வி: கொம்பனித்தெரு, புதுக்கடை, இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? (மருதானை)

கொம்பனித்தெரு, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியை நினைவில் வைத்திருக்கும் பெயர். புதுக்கடை தமிழில்தான் புதுக்கடை; ஆங்கிலத்தில் அதற்கு ஹல்ஸ்டோர்ப், 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயர். புறக்கோட்டை, கோட்டைக்குப் புறத்தே இருந்தது. கோட்டை மதில் இடிந்து நூற்றைம்பது வருடங்களாகின்றன. பஸ் நடத்துநர் இன்னும் "கோட்டை, கோட்டை" என்றுதான் கூப்பிடுகிறார்.

கேள்வி: வட்டுக்கோட்டையிலிருந்து பிள்ளைகளை ஒரு நாள் சுற்றுலாவாகக் கொழும்புக்குக் கூட்டிவருகிறேன். எதைக் காட்டலாம்? (ஓர் ஆசிரியை)

காலையில் நூதனசாலைக்குப் போங்கள், ஆசிரியை. காலிக் கல்லின் தமிழ் எழுத்துகள் தேய்ந்தவை. நேரே நின்று பார்த்தால் தெரியாது, ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளிச்சம் விழும் கோணத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து சுதந்திர நினைவு மண்டபத்துக்குப் பிள்ளைகள் நடந்தே போகலாம். கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான மகுல் மடுவ மண்டபத்தைப் பார்த்துக் கட்டப்பட்டது அது. பின்னேரம் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு வாருங்கள். இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய கோயில். ஆறு மணிக்குப் பிறகு அந்தத் தெருவில் பஸ் நிறுத்த இடம் கிடைப்பது கடினம், ஐந்து மணிக்குள் போய்விடுங்கள்.